காந்தம் ஒட்டாத மஞ்சள் வண்டி

ஜெரால்ட் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக எனக்குச் சொல்ல மனம் வராது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்யும் கம்பெனி, கார் கதவு, பானட் போன்ற தகடுகளுக்குப் பெயிண்ட் அடித்து அனுப்பும் கம்பெனி. அவன் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். நான் பெயிண்ட் ஷாப்பில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேலைக்கான ஆர்டர் வாங்கினோம். நான் டிப்ளமா, அவன் ஐ.டி.ஐ. இந்தக் கடைசி வாக்கியத்தை எதற்கு எழுதினேன் என்று எனக்கே தெரியும். விட்டுத்தள்ளுங்கள்.

போன வருஷம் பொங்கல் லீவு முடிந்து வந்த முதல் நாள். கேன்டீனில் இட்லித் தட்டை வைத்துக்கொண்டே சொன்னான்.

"பரணி, ஒரு காரு வாங்கலாம்னு கீறேன்."

"வாங்கேன். சின்ன வண்டியா பாரு."

"சின்னதுதான். ரெண்டு சீட்டு. ஸ்போர்ட்ஸ் காரு. செகண்ட் ஹேண்ட்ல."

பக்கத்து டேபிள்வரை சிரித்தார்கள். ரெண்டு பேர் போக பைக் போதாதா என்று ஒருத்தன் கேட்டான். ஜெரால்ட் கோபப்படவில்லை. அவன் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

"பைக்குல சோனியா பின்னாடி உக்காருது. மூஞ்சி தெரிய மாட்டேங்குது. பேசுறதெல்லாம் காத்துல பூடுது. பக்கத்துல உக்காரணும்."

"அப்ப சாதா காரு வாங்கு."

"சாதா காருன்னா பின்சீட்டு இருக்குமேப்பா. எங்க அண்ணி ஏறும், அண்ணன் ஏறுவாரு, சபையில நாலு பேரு ஏறுவாங்கோ. ரெண்டே சீட்டுன்னா யாரும் கேக்க முடியாதுல்ல?"

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இட்லியும் இறங்கவில்லை. என்னிடம் இருப்பது ஏழு சீட்டு வண்டி. வெள்ளை. பொன்னேரியில் எங்கள் தெருவுக்கு அது வந்த நாளில் எனக்கு ஒரே பெருமை. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் டிரைவர். மாமியாருக்குப் பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும், அதனால் முன் சீட்டு அவருக்கு. நடுவில் மச்சான் குடும்பம். கடைசி வரிசையில் பைகளோடு என் மனைவி அஸ்வினி. உள்கண்ணாடியில் பார்த்தால் அவள் நெற்றி மட்டும் தெரியும். ரெண்டு சீட்டு வண்டி என்ற யோசனை ஒரு டிப்ளமாக்காரனுக்கு ஏன் வரவில்லை என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெரால்டின் அப்பா ராஜமாணிக்கமும் அம்மா மேரியும் கவரப்பேட்டைப் பக்கம் நெல் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அந்த வயல் இப்போது ஒரு குளிர்சாதனக் கிடங்கு. அந்தக் கிடங்கு கட்டும்போது செங்கல் சுமந்தவன் ஜெரால்ட். சுமந்த கையோடு ஐ.டி.ஐ. முடித்தான். மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப் போகிறது என்று சொல்லிவிடுவான். மேனேஜர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவனை, "ஜெரால்ட் எங்கேப்பா?" என்று தேடுவார். அந்த வித்தியாசம் பத்தொன்பது வருஷமாக என் தொண்டையில் நிற்கிறது.

சோனியாவுக்கு ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலை. எப்படி விழுந்ததோ, இவனுக்கு எப்போதும் காலை ஷிப்ட், அவளுக்கு எப்போதும் மதிய ஷிப்ட். மதியம் இரண்டரைக்கு இவன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவான், அவள் பஸ்ஸுக்கு நிற்பாள். வீட்டுச் சாவியை அவன் கையில் வைத்துவிட்டு, "கொழம்பு அடுப்பு மேல கீது" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொள்வாள். ஐந்து நிமிஷம். வார விடுமுறையும் இவனுக்கு ஞாயிறு, அவளுக்குப் புதன். இப்படியே ஒரு மகளைப் பெற்று, வளர்த்து, கிறிஸ்டினா என்று பேர் வைத்து, நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்கும் அனுப்பியாயிற்று. பதினெட்டு வருஷம் கழித்து, அந்தப் பொங்கலுக்கு முந்தின டிசம்பரில்தான் சோனியாவுக்கு ஞாயிறு லீவு கிடைத்தது. காருக்கு அதுதான் காரணம். பணம் எப்படி வந்தது என்று நிறையப் பேர் கேட்டார்கள், நானும் கேட்டேன். அத்தனை வருஷ ஓவர்டைம், வேறென்ன?

வண்டி பார்க்கப் போகும்போதெல்லாம் அவன் சட்டைப் பையில் ஒரு டேப் இருக்கும். அவர்கள் தெருமுனையில் பஞ்சாயத்துக்காரர்கள் போட்ட வேகத்தடை ஆறரை அங்குலம். அதை அளந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் படுத்து அளப்பான். ஈ.சி.ஆரில் ஒரு பழைய கார் ஷோரூமில் சிவப்பு வண்டி பார்த்தோம். பட்டனை அமுக்கினால் கூரை மடங்கிப் பின்னால் போய்விடும். ஜெரால்ட் தரையில் படுத்தான். அங்கே டை கட்டிய பையன் பதறிப்போனான்.

"நாலரை அங்குலம்தான் கீது. எங்க தெரு முனையிலியே மாட்டிக்கும். அதுக்கப்புறம் அது காரு இல்ல, பெஞ்சு," என்று எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான்.

இரண்டாவது வண்டி பொதட்டூர்பேட்டையில். சாதாரண ஐந்து சீட்டு வண்டியைப் பின்சீட்டைக் கழற்றிவிட்டு, முதுகில் ஒரு ரெக்கை வைத்து, ஸ்போர்ட்ஸ் கார் என்று விற்றார்கள். ஜெரால்ட் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றான். "எடம் காலியா கீது பரணி. எங்க அண்ணன் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கினு உக்காந்துடுவாரு."

இந்த இரண்டு இடத்துக்கும் நான் கூடப் போனேன். போகாமல் எப்படி? எங்கள் பக்கத்தில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் என்னைக் கூப்பிடாமல் வாங்க மாட்டார்கள். என்னிடம் ஒரு காந்தம் இருக்கிறது. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்தது. பெயிண்டில் கீறல் விழாமல் இருக்க மெல்லிய துணியில் சுற்றி வைத்திருப்பேன். வண்டியின் மேல் வைத்தால் தகடு இருக்கும் இடத்தில் கப்பென்று பிடிக்கும். அடிபட்டு, நசுங்கி, மேலே பட்டி என்கிற பசை பூசி மூடியிருந்தால் பிடிக்காமல் வழுக்கி விழும். வெளியே எத்தனை பளபளப்பு இருந்தாலும் காந்தத்திடம் நடக்காது. அறுபது எழுபது வண்டி பார்த்திருப்பேன். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

இதற்கென்று எங்களிடம் ஒரு முறை உண்டு. வண்டிக்காரர் எதிரில் பார்ப்பவன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அவர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார், பேச்சு வளரும், கைகலப்பில் முடிந்ததும் உண்டு. அதனால் ஒரு தெருவாவது தள்ளிப் போய், டீ வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு, அங்கேதான் தீர்ப்பு. வேண்டாம் என்றால் வண்டிக்காரருக்குக் காரணமும் சொல்லக் கூடாது. போனில், "ஊட்டுல ஒத்துக்கல சார்" என்று முடித்துவிட வேண்டும். அவரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்.

மூன்றாவது வண்டி மீஞ்சூரில். வெள்ளிக்கிழமை ஒரு மெக்கானிக் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிட்டோம். சோனியாவும் வந்தாள். வண்டிக்காரர் குப்புராஜ், கப்பலில் எஞ்சின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷத்துக்கு முன்னால் கோவாவில் வாங்கியதாம். நம் நாட்டிலேயே கொஞ்ச காலம் செய்து நிறுத்திவிட்ட மாடல். அப்படி ஒரு வண்டி இருப்பதே எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. ஷெட்டில் போர்வையை இழுத்தார். மஞ்சள். கைக்குழந்தைக்குப் போடும் ஸ்வெட்டரின் மஞ்சள். ரெண்டே சீட்டு, பின்னால் ஒரு பை வைக்க இடம்.

"எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குதுப்பா. எறங்கி உக்காந்தா எழுந்துக்க ரெண்டு ஆளு வேணும்," என்றார் குப்புராஜ். "சும்மா நிறுத்தி வெக்கிறவனுக்குக் குடுக்க மாட்டேன். ஓட்டுறவங்களுக்குத்தான் குடுப்பேன். ஆர்.சி. புதுப்பிச்சு வெச்சிருக்கேன். ஒரு சுத்து போய்ட்டு வாங்க."

ஜெரால்ட் படுத்து அளந்தான். ஏழு அங்குலம். எழுந்தபோது அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு, அப்படி ஒரு மலர்ச்சி.

இரண்டு பேரும் காட்டூர் ரோட்டில் போனார்கள். ஒரு சுற்று என்றால் பத்து நிமிஷம். அரை மணி நேரம் ஆயிற்று. நான் வெயிலில் குப்புராஜோடு நின்றேன். என் வாழ்க்கையில் யாரும் என்னை இறக்கிவிட்டுவிட்டுப் போனதில்லை. என் வண்டியில் எல்லோருக்கும் இடம் உண்டு. இங்கே எனக்கு இடமே கிடையாது, சும்மா ஒரு பேச்சுக்குக்கூட 'வா' என்று சொல்ல முடியாத வண்டி. திரும்பி வந்தபோது சோனியாவின் தலைமுடி நாலா பக்கமும் பறந்திருந்தது. சீட்டு தாழ்வாக இருந்ததால் அவளுக்கு எழுந்திருக்க வரவில்லை. ஜெரால்ட் இரண்டு கையையும் பிடித்து இழுத்தான், அவள் எழுந்த வேகத்தில் அவன்மேலேயே விழுந்தாள். நாற்பதைத் தாண்டிய இரண்டு பேர், நடுத்தெருவில், மூச்சு முட்டச் சிரிக்கிறார்கள்.

"இவங்களுக்குத்தான்," என்றார் குப்புராஜ் என்னிடம். ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வர உள்ளே போனார்.

எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்றால் நிஜமாகவே எரிந்தது. அந்த வயிற்றெரிச்சலோடுதான் காந்தத்தை எடுத்தேன்.

கதவில் வைத்தேன். விழுந்தது. குனிந்து எடுத்து பானட்டில் வைத்தேன். விழுந்தது. பின்பக்கம், சக்கரத்துக்கு மேல், கூரையின் ஓரம், எங்கே வைத்தாலும் நிற்கவில்லை. கடவுளே, எனக்கு எவ்வளவு சந்தோஷம்! மறைத்து என்ன பயன்? வண்டி முழுக்கப் பட்டி. எங்கேயோ உருண்டு, நசுங்கி, அங்குலத்துக்கு அங்குலம் பூசி மஞ்சள் அடித்திருக்கிறார்கள். விரலை மடக்கி ஒருமுறை தட்டியிருந்தால் சத்தமே வேறு கதை சொல்லியிருக்கும். நான் தட்டவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அப்புறம் எதற்குத் தட்டுவது?

மீஞ்சூர் ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் தீர்ப்பு சொன்னேன்.

"எவ்ளோ பட்டி?" என்றான் ஜெரால்ட்.

"எவ்ளோன்னு கேக்காத. ஒரு எடத்துல கூட தகடு இல்ல. உருண்ட வண்டி."

சோனியா டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். "ஓட்டுறப்ப நல்லாதானே இருந்துச்சுண்ணே?"

"பட்டி ஓட்டுறப்ப தெரியாதும்மா. லாரி தட்டுறப்பதான் தெரியும்."

இப்படி ஒரு வாக்கியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றும் யோசிக்கிறேன். ஜெரால்ட் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொன்னால் அவ்வளவுதான் அவனுக்கு. போனை எடுத்து, "சார், ஊட்டுல ஒத்துக்கல சார்" என்றான். அந்த வீட்டுக்காரி பக்கத்திலேயே நின்று, தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். திரும்பி வரும்போது என் வண்டியின் ஏழு சீட்டும் அவர்களுக்குத் தாராளமாக இருந்தது. நான் ரேடியோவைப் போட்டுக்கொண்டு ஓட்டினேன்.

அந்த வாரம் எனக்கு நன்றாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், அந்த வண்டியைப் பற்றிப் போனில் வீடியோ தேடினேன். எதற்கு? ஜெரால்ட் எப்பேர்ப்பட்ட பாடாவதியிலிருந்து தப்பித்தான் என்று நாலு பேருக்குக் காட்ட. வீடியோவில் ஒரு ஆள் அதே மாதிரி வண்டியின் கதவை விரலால் டொக் டொக்கென்று தட்டினான். பிளாஸ்டிக் வாளியின் சத்தம். மேல் பாடி மொத்தமும் ஃபைபர், தகடே கிடையாது, துருப்பிடிக்காது என்று பெருமையாகச் சொன்னான்.

இரண்டு முறை பார்த்தேன். பதினெட்டு பத்தொன்பது வருஷம் தகட்டை மட்டுமே தடவிப் பழகிய கை. காந்தம் விழுந்தால் பட்டி, அதைத் தவிர என் புத்திக்கு எதுவும் எட்டவில்லை. புதிதாகக் கம்பெனியிலிருந்து வெளிவந்த நாளிலும் அந்த வண்டியில் என் காந்தம் ஒட்டியிருக்காது.

ஜெரால்ட் அன்றைக்கு மெயின்டனன்ஸ் ஆட்களோடு இரண்டு டேபிள் தள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எழுந்து போய்ச் சொன்னால் இரண்டு நிமிஷ வேலை. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். முதல் நாள், காந்தக்காரன் தப்பு செய்தான் என்று பேர் கெட்டுவிடும் என்று நினைத்தேன். இரண்டாவது நாள், அது மட்டும் காரணம் இல்லை என்று தெரிந்தது. சொன்னால் அவன் அந்த வண்டியை வாங்கிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போவான். திரும்பி வந்து திங்கட்கிழமை கேன்டீனில் சிரிப்பான். நான் சொல்லவில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று.

அவன் சும்மா இருந்தானா? கேன்டீனில் எல்லோரிடமும், "பரணி இல்லன்னா நானும் சோனியாவும் ரோட்டுல பொட்டலமா கெடந்திருப்போம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பழவேற்காட்டிலிருந்து இறால் வாங்கி, சோனியா அதைத் தொக்கு செய்து டப்பாவில் கொடுத்தனுப்பினாள். அஸ்வினி இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டாள். பிறகு வந்ததுதான் பெரிய பேஜார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்கு வா, குடும்பத்தோடு வா, சாட்சி சொல்லப் போகிறேன் என்றான்.

சாட்சி என்றால், கடவுள் நமக்குச் செய்த நன்மையை எல்லோர் முன்னாலும் நின்று சொல்வது. கவரப்பேட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன சபை, பிளாஸ்டிக் நாற்காலிகள். நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள், ஆனாலும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஜெரால்ட் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தான்.

"ஒரு வண்டி வாங்கப் போனோங்க. பாக்க ஷோக்கா இருந்துச்சு. உள்ளாற மொத்தமும் பட்டி. எங்களுக்குத் தெரியல. கர்த்தர் எங்க பிரதரு பரணிதரனை அனுப்பி எங்க ரெண்டு பேரு உசுரையும் காப்பாத்தினாரு. எங்க பொண்ணுக்கு அப்பா அம்மா இருக்காங்கன்னா அவரால."

அல்லேலூயா என்றார்கள். கை தூக்கினார்கள். பக்கத்தில் அஸ்வினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை அது. திரும்பக் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பிறகு பாஸ்டர் இறங்கி வந்து, என் தலைமேல் கை வைத்து, "இந்த நேர்மையுள்ள மகனுக்காக" என்று ஜெபிக்க ஆரம்பித்தார். முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறொருவனுக்குச் சேரவேண்டியதை என் தலையில் ஊற்றியது போல இருந்தது.

வெளியே செருப்பு விட்ட இடத்தில் அவனைப் பிடித்தேன். பெண்கள் இரண்டு பேரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

"ஜெரால்டு, அந்த வண்டி ஃபைபர் பாடி. அதான் காந்தம் ஒட்டல. பட்டி இல்ல. வண்டில ஒரு கொறையும் இல்ல. நான் தப்பா சொல்ட்டேன்."

அடிப்பான் என்று நினைத்தேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "ஏய் சோனியா! வண்டி நல்ல வண்டியாம்! பட்டி இல்லியாம்!" என்று கத்தினான். "வா பரணி, வண்டிய எடு, இப்பவே போலாம்!" சோனியா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்து ஏறினாள்.

மீஞ்சூரில் ஷெட் திறந்து கிடந்தது. உள்ளே போர்வை மட்டும் மடித்து வைத்திருந்தது.

"போன ஞாயித்துக்கெழம குடுத்துட்டேனேப்பா," என்றார் குப்புராஜ். "நெல்லூர்லேருந்து ஒருத்தர் வந்து எடுத்துக்கினு போனாரு. உங்களுக்காக ரெண்டு வாரம் யாருக்கும் காட்டாம வெச்சிருந்தேன். ஊட்டுல ஒத்துக்கலன்னுதானே சொன்னீங்க, இந்தம்மா சிரிச்ச சிரிப்பைப் பாத்தேனே, மனசு மாறி வருவீங்கன்னு நெனச்சேன்."

ஜெரால்ட் ஷெட்டுக்குள் போய் நின்றான். சிமென்ட் தரையில் எண்ணெய்ச் சொட்டுகூட இல்லை, அவ்வளவு நல்ல எஞ்சின். அங்கிருந்தே கேட்டான்.

"பரணி, ஃபைபர்னு உனக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுத்தான் என்றால் நம்பியிருப்பான். "பாத்துட்டு வந்த வாரம் வெள்ளிக்கெழமையே," என்றேன். எங்கிருந்து அந்த உண்மை வந்ததோ, வந்துவிட்டது.

அவன் வெளியே வந்து குப்புராஜுக்குக் கை கொடுத்தான். வண்டியில் ஏறி நடுவரிசையில் சோனியாவோடு உட்கார்ந்தான். அஸ்வினி முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்க்காமல் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு. வண்டி பொன்னேரியைத் தாண்டியது. பிறகு சோனியாதான் பேசினாள். குரலில் சண்டை இல்லை.

"அன்னிக்கு காந்தம் விழுந்தப்ப உங்க மூஞ்சில ஒரு சந்தோஷம் வந்துச்சுண்ணே. நான் பாத்தேன். எங்களைக் காப்பாத்திட்ட சந்தோஷம்னு நெனச்சுக்கினேன்."

 மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர்களை இறக்கிவிட்ட பிறகு அஸ்வினி ஒன்றே ஒன்று கேட்டாள்: "நீங்க ஏன் இப்டி கீறீங்க?" 

அடுத்த ஞாயிறு ஜெரால்ட் மறுபடி சபையில் எழுந்து நின்றானாம். தப்பாகச் சொன்ன சாட்சியைத் திருத்த வேண்டும் இல்லையா? வண்டியில் குறை இல்லை, பிரதர் தெரியாமல் சொல்லிவிட்டார், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்றானாம். நான் தெரிந்தும் மறைத்த கதையைச் சொல்லவில்லை. கேள்விப்பட்டதும் எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. இவன் இதையும் என்னைவிட நன்றாகச் செய்கிறானே என்று இருந்தது.

கேன்டீனில் எப்போதும்போல் என் எதிரில்தான் உட்கார்ந்தான். சட்னி கேட்டால் கொடுத்தான். வண்டிப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. மே மாதம் ஒரு திங்கட்கிழமை, கம்பெனி கேட்டுக்கு வெளியே கும்பல். எட்டிப் பார்த்தால் நீல வண்டி, ரெண்டு சீட்டு. திருவள்ளூரில் ஒரு டாக்டர் வீட்டில் வாங்கினானாம். ஸ்டோர்ஸில் போல்ட், நட் எண்ணிக் கொடுக்கும் சடையப்பனைக் கூடக் கூட்டிப் போயிருக்கிறான். சடையப்பனுக்குச் சைக்கிளுக்கு மேல் ஒன்றும் தெரியாது. பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்று கேட்டால் முழிப்பான்.

கும்பல் கலைந்ததும் பக்கத்தில் போனேன். கை தன்னால் கதவைத் தட்டிப் பார்த்தது. தகடுதான்.

"என்னைக் கூப்புடல," என்றேன்.

ஜெரால்ட் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை.

"சடையப்பனுக்கு இன்னா தெரியும்னு அவனை இட்டுக்கினு போன? ஏமாந்திருந்தா?"

"அவனுக்கு ஒண்ணியும் தெரியாது பரணி," என்றான். "ஆனா நானும் சோனியாவும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து எறங்கினப்ப, ரோட்டுல நின்னுக்கினு கை தட்டினான்."

சங்கு ஊதிற்று. உள்ளே போனோம். ஸ்டோர்ஸ் ஜன்னலைத் தாண்டித்தான் பெயிண்ட் ஷாப்புக்குப் போக வேண்டும். சடையப்பன் என்னைப் பார்த்து, "அண்ணே, வண்டியப் பாத்தியா? சூப்பரா கீதுல்ல?" என்றான். நான் நிற்காமல் நடந்தேன். அந்த நீல வண்டிமேல் எனக்குத் துளிகூடப் பொறாமை வரவில்லை. கை தட்டத் தெரிந்த இந்தப் பயல்மேல்தான் வந்தது.